முதலில் தாடையைக் கட்ட வேண்டும்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் லேக் மார்க்கெட்டில் போய், ஒற்றை ஸ்டவ்வை வைத்து ஓர் ஓட்டலை உண்டாக்கிய மதராசி யார் என்று கேளுங்கள், என்னைத்தான் காட்டுவார்கள். மீன் இல்லாமல் சோறு இறங்காத வங்காளிகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சாம்பாருக்காக வரிசையில் நிற்க வைத்தவன் நான். இதை நானே சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

எனக்கு இன்னொரு வேலையும் தெரியும். அதிலும் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆள் கிடையாது. இறந்தவர்களைக் குளிப்பாட்டுவது.

கிடர்பூரில் எங்கள் தூத்துக்குடிப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், தனிக்கட்டை. இரண்டு ஞாயிறு கோயிலுக்கு வரவில்லையே என்று இட்லி எடுத்துக்கொண்டு போனேன். சந்து முனையிலேயே ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கதவைத் தள்ளினால், மனிதர் பாயில் கிடக்கிறார், வாயில் எறும்பு. வாசலில் நின்றபோதுதான், "நீ குளிப்பாட்டு" என்று கேட்டது. காதில் கேட்டதா நெஞ்சில் கேட்டதா என்று பிறகு போதகர் விசாரித்தார். எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. கர்த்தர் சொன்னார், நான் இட்லிப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஆளில்லாத தமிழன் எங்கே செத்தாலும் எனக்குப் போன் வரும். யாரும் கற்றுத்தரவில்லை, நானாகவே பழகிக்கொண்டேன். முதலில் தாடையைக் கட்ட வேண்டும், உடம்பு விறைப்பதற்குள். மற்றதெல்லாம் அப்புறம். கண்ணை மூடுவதும் தண்ணீர் ஊற்றுவதும் கொஞ்சம் பொறுக்கும், தாடை பொறுக்காது.

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு நாள் அசனம் உண்டு. எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. பெரிய அண்டாவில் அதற்குச் சாம்பார் வைப்பது என் உரிமை. அந்த வருஷம் போதகர் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"அண்ணாச்சி, இந்தத் தடவ நீங்க அடுப்புப் பக்கம் வரவேண்டாம். சபையார் கொஞ்சம் யோசிக்காங்க."

"பொணத்தக் கழுவுன கைன்னா?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லாமலே எனக்குப் புரியுது ஐயா."

வேறு யாரோ வைத்த சாம்பாரைக் குடித்துவிட்டு வந்தேன். தண்ணீராக இருந்தது. வெளியே வந்து காறித் துப்பினேன்.

ஓட்டலிலும் அதே கதைதான். மகன் கல்லாவில் உட்கார்ந்திருந்தான்.

"அப்பா, சாப்பிட வந்த ஒரு வங்காளி கேக்காரு, இந்தக் கையாலதான் மாவு ஊத்துவீங்களான்னு. நான் என்ன சொல்ல?"

"லைஃப்பாய் போட்டுக் கழுவுன கைன்னு சொல்லு."

"காமெடி பண்ணாதீங்கப்பா. ஒண்ணு இது, இல்ல அது."

கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். நான் கட்டிய சமையற்கட்டுக்குள் அப்புறம் நான் கால் வைக்கவில்லை. வலித்தது. ஆனாலும் தாங்கிக்கொண்டேன், எதையும் தாங்குகிற உடம்பு இது.

தாங்க முடியாமல் போனது என் மனைவியின் சட்டம்தான். குளிப்பாட்டப் போய் வந்தால் சந்துக் குழாயிலேயே குளிக்க வேண்டும். எனக்கென்று தனித் தட்டு, தனித் தம்ளர், பால்கனியில் சாப்பாடு. மூன்று நாளைக்கு அவளைத் தொடக்கூடாது. தொடக்கத்தில் மாதம் ஒருமுறை போன் வந்தது, சமாளித்தோம். பிறகு கிழவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போகத் தொடங்கினார்கள். ஒரு மூன்று நாள் முடிவதற்குள் அடுத்த மூன்று நாள் வந்துவிடும். கடைசியில் அந்த மூன்று நாள் முடியவே இல்லை.

அவள் படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள், அதிசயமாக மூன்று நாளும் போன் வராமல் கழிந்திருக்க, சீப்பை என் கையில் கொடுத்தாள். நான் சீவத் தொடங்கினேன். முடி கொத்துக்கொத்தாக வந்தது.

"ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"இனும போவமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எனக்கு எல்லாத்தயும் நீங்களே செய்யலாம். நான் போனப்பறமும் நீங்களே குளிப்பாட்டலாம்."

"நான் யாருக்கு வார்த்த குடுத்திருக்கேன்னு உனக்குத் தெரியும்லா."

"தெரியும். அவரு வந்து தலை சீவிவிடுவாராக்கும்?"

போன் அடித்தது. கிடர்பூரில் இருந்துதான். கப்பலில் சமையல்காரராக இருந்த ஒரு பெரியவர் போய்விட்டாராம், அறையில் யாரும் இல்லையாம். சீப்பைக் கட்டிலில் வைத்தேன். பாதித் தலை சீவியபடி, பாதி சிக்காக இருந்தது.

சாயங்காலம் திரும்பி வந்தபோது மீதித் தலையை வேலைக்கு வைத்திருந்த வங்காளப் பெண் சீவி முடித்திருந்தாள். எனக்குக் கேட்கும்படி என் மனைவி மகனிடம் சொன்னாள்: "நான் செத்தா சபைப் பொம்பளைங்க குளிப்பாட்டட்டும். உங்க அப்பா வாசல்லதான் நிக்கணும். அந்தக் கை எனக்கு வேண்டாம்."

அந்தக் குளிர்காலத்திலேயே, ஒரு காலை நேரத்தில் அவள் போனாள். சபையிலிருந்து நான்கு பெண்கள் வந்து கதவைச் சாத்தினார்கள். நான் வாசலுக்கு வெளியே மாடிப்படியில் நின்றேன். பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"மொதல்ல தாடையக் கட்டுங்கம்மா!"

"எங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி. நீங்க ஜெபம் பண்ணுங்க."

அவர்கள் குளிப்பாட்டினார்கள், சேலை கட்டினார்கள், பூ வைத்தார்கள். கதவு திறந்தபோது அவள் வாய் திறந்து கிடந்தது. யாரையோ கூப்பிடப் போகிற மாதிரி. மகன் கைக்குட்டையால் கட்டிப் பார்த்தான், நிற்கவில்லை. போதகர் ஒரு மாலையை மேலே ஏற்றி மறைத்தார்.

எத்தனையோ அநாதைகளை வாய் மூடி, தூங்குகிற மாதிரி அனுப்பியவன் நான். நான்கு எட்டு வைத்தால் அவளைத் தொட்டிருக்கலாம். ஆனால் அவள் சொன்னதும் ஒரு சொல்தானே. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். பெட்டியை மூடினார்கள்.

எட்டாம் நாள் கிடர்பூரிலிருந்து போன் வந்தது. போனேன். முதலில் தாடையைக் கட்டினேன்.

திரும்பி வந்து சந்துக் குழாயில் குளித்தேன். தண்ணீர் ஊசியாகக் குத்தியது. தட்டையும் தம்ளரையும் எடுத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தேன். மகன் வந்து பார்த்தான்.

"இனும யாருக்காகப்பா? உள்ள வந்து சாப்பிடுங்க."

"மூணு நாள் ஆவட்டும்" என்றேன்.