பீப்பா உள்ளே, நெருப்பு வெளியே

பீப்பாயின் மூடியில் காதை வைத்துக் கண்ணை மூடி நிற்கிறார் ஜொய்சி. யாராவது வாயைத் திறந்தால் கையை உயர்த்தி அடக்குகிறார். பிறகு நிமிர்ந்து சிரிக்கிறார். “முந்தாநாளு முணுமுணுத்துச்சு. இன்னைக்குச் சண்ட போடுதுங்க!”

நானுஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு அவருடையது. பகலில் நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. மாதா கோயில் திருவிழாவோ, நத்தார்ப் பண்டிகையோ, கல்யாணமோ, சுற்றுவட்டாரத்தில் இஞ்சி பியர் என்றால் ஜொய்சிதான். நசுக்கிய இஞ்சி, சீனி, தேசிக்காய்ச் சாறு, கொஞ்சம் ஈஸ்ட். போத்தலில் ஊற்றும் வேலையை மட்டும் யாரிடமும் விடமாட்டார். “கழுத்து முட்ட ஊத்துவாங்க. அது வெடிச்சா மூஞ்சி போயிரும்.” ஸ்வெட்டர் பையில் எப்போதும் இஞ்சித் துண்டுகள் இருக்கும். பஸ்ஸில் யாராவது இருமினால், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், ஒரு துண்டை நீட்டி “மெல்லுங்க” என்பார். மறுத்தவர்களை நான் பார்த்ததில்லை.

போன ஜனவரியில் தேயிலைச் செடிகளின் மேல் பனி வெள்ளையாக உறைந்து கிடந்தது. வட்டவளையில் ஜொய்சியின் தங்கை மகள் ஷாமிலாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்த இரண்டு பீப்பாய்களும் ஊமையாகிவிட்டன. மூடியிலிருந்து தண்ணீர்ப் போத்தலுக்குள் இறங்கும் டியூப்பில் ஒரு குமிழிகூட வரவில்லை.

“கெட்டுப் போச்சா?” என்று கேட்டார் கணவர் அன்டன். கொழுந்து லொறி ஓட்டுபவர்.

“கெடல. குளிர்ல தூங்குது. உள்ள கொண்டு போவோம்.”

நிறைந்த பீப்பாயை அசைக்க முடியாது. பாதியைக் கழுவிய வாளிகளில் இறக்கி, மூடி, இருவருமாகப் பீப்பாய்களை வீட்டின் பின் காம்பரா அறைக்குச் சுமந்தார்கள். கரி அடுப்பையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் சீக்கிரம் சூடேறும் என்றார் அன்டன். ஜொய்சி ஒரே பேச்சில் முடித்தார்: “பீப்பா உள்ள வரட்டும். நெருப்பு வெளியவே கெடக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை ஜொய்சி பூசைக்குப் போனார். திரும்பி வந்தபோது பின் காம்பராவின் கதவு சாத்தியிருந்தது; ஜன்னல் இடுக்கில் சாக்கு அடைத்திருந்தது. தள்ளித் திறந்தார். நடுவில் கரி கனன்றுகொண்டிருக்க, அன்டன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, பேச்சு குழறியது. எழப் பார்த்தார், கால் மடங்கியது. ஜொய்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு அக்குளிலும் கை கொடுத்து அவரை வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கு இழுத்து வந்து போட்டார். ஜொய்சி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சின்னத்தம்பி ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். கரி நெருப்பின் விஷ வாயு ஏறியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் ஒக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டொக்டர்.

“இழுக்கிறப்ப ஒண்ணும் யோசிக்கலங்க,” என்கிறார் ஜொய்சி. “டொக்டர் சொன்னப்பதான் வெளங்குச்சு.”

கட்டிலில் கிடந்த அன்டன், “புள்ள கல்யாணத்துல ஒன் பேரு கெட்டுறக் கூடாதேன்னுதான்...” என்று இழுத்திருக்கிறார்.

“பியர் இல்லாட்டி தேத்தண்ணி குடுப்போம். நீங்க இல்லாட்டி நான் என்னத்தக் குடுக்குறது?”

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஜொய்சி மறுபடி பீப்பாய்களிடம் போனார். சீமெந்துத் தரையின் குளிர் ஏறாமல் அடியில் பலகை போட்டார். முற்றத்து அடுப்பில் தண்ணீர் சுட வைத்து, போத்தல்களில் அடைத்து, பீப்பாயைச் சுற்றி அடுக்கினார். மேலே தன் கம்பளிகள் அத்தனையும். போத்தல் ஆறினால் மாற்றினார். ஜன்னலை மட்டும் ஒரு சாண் திறந்தே வைத்தார். “இதுவும் உள்ள இருந்து கேஸ் விடுது. அது போறதுக்கும் வழி வேணும்ல.” இருவரும் குளிரில் சுருண்டு படுத்தார்கள். ஒரு காலையில் டியூப்பின் நுனியில் ஒரு குமிழி உடைந்தது, பின்னாலேயே இன்னொன்று. அன்டன்தான் முதலில் பார்த்துக் கூப்பிட்டாராம்.

வட்டவளைக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். தங்கள் வீட்டு அடுத்த கல்யாணத்துக்கும் அங்கேயே சொல்லிவிட்டார்கள். அதற்கான பீப்பாய்கள்தான் இப்போது அந்தக் காம்பராவில் சண்டை போடுகின்றன.

நான் புறப்படும் நேரம் மூடுபனி உள்ளே நுழைந்தது. லொறியை விட்டுவிட்டு வந்த அன்டன் கைகளைத் தேய்த்துக்கொண்டே திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். ஜொய்சி ஜன்னலை அப்படியே விட்டுவிட்டார். தான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி அவர் தோளில் போட்டு, கழுத்து வரைக்கும் ஒவ்வொரு பொத்தானாக மாட்டிவிட்டார்.