நூற்றுப் பன்னிரண்டாம் வரிசை

நிஷிவாகி சனயே ஆறு வருடங்களாக ஒரே புரதத்தைத்தான் மாற்றிக்கொண்டிருந்தாள். நரம்பணுவுக்குள் கால்சியம் ஏறும்போது பச்சையாக ஒளிரும் உணர்விப் புரதம் அது. சங்கிலியில் ஓர் இடத்தில் உள்ள அமினோ அமிலத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பாள். ஒளி கூடியதா குறைந்ததா என்று அளப்பாள். வாரத்துக்கு ஓர் இடம், இடத்துக்குப் பத்தொன்பது மாற்றங்கள். இதுவரை பதினொரு நோட்டுகள் நிறைந்திருந்தன.

ஆராய்ச்சி மாணவன் தொகுரா அவள் வேலை பார்த்த சைத்தாமா ஆய்வகத்துக்கு வந்து மூன்று மாதம்தான். அவளுடைய எண்களைக் கணினியில் ஏற்றி, ஒரே படமாக்கிச் சுவரில் ஒட்டினான். இடத்துக்கு ஒரு வரிசை, அமினோ அமிலத்துக்கு ஒரு பத்தி. ஒளி கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம்.

பேராசிரியர் இனாகாகி தேநீர் ஆறிப்போகும்வரை அதன்முன் நின்றார்.

"இப்பதான்பா எனக்கு இந்தப் புரதமே புரியுது" என்றார்.

சனயேவுக்கு வயிறு எரிந்தது. மாதாமாதம் அவர் மேசையில் நோட்டை வைத்தவள் அவள். ஒருநாளாவது இப்படி நின்று பார்த்தாரா?

அவள் அகிதாவில் மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளியின் மகள். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். தொகுராவுக்கு அப்பா, தாத்தா இருவரும் மருத்துவர்கள். சனயே படத்தைக் கைபேசியில் எடுத்துத் தன் அப்பாவுக்கு அனுப்பினாள். 'ரொம்ப அழகா இருக்கும்மா. நீ வரைஞ்சதா?' என்று கேட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கியோத்தோவிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள். படம் தொகுராவின் பெயரில் காட்டப்படும்.

"நிஷிவாகி-சான், நூத்திப் பன்னெண்டாவது வரிசையப் பாருங்க" என்றான் தொகுரா. "தக்காளிச் சாறு கொட்டின மாதிரி முழுசும் சிவப்பு. எத வெச்சாலும் ஒளி கூடுது. அடுத்த உணர்விய இங்கதான் மாத்தணும்."

அவள் பார்த்தாள். புரோலின் என்ற அமினோ அமிலத்தின் கட்டமும் சிவப்பு. அந்த இடத்தில் புரோலினை வைத்தால் புரதத்தின் மடிப்பு கொஞ்சம் கலையும். ஒளி குறையத்தானே வேண்டும்?

சட்டென்று நினைவு வந்தது. அது ஒளி அளக்கும் கருவியின் விளக்கை மாற்றிய வாரம். புது விளக்குக்குப் பிரகாசம் அதிகம்; அதில் எந்தப் புரதமும் கூடுதலாகத்தான் ஒளிரும். மாற்றங்களைப் புது விளக்கில் அளந்துவிட்டு, பழைய விளக்கில் எடுத்த, மாற்றம் செய்யாத மூலப் புரதத்தின் எண்ணோடு ஒப்பிட்டிருந்தாள். அடுத்த வாரம்தான் மூலத்தை மறுபடி அளந்தாள்.

உள்ளுக்குள் ஒரு குதூகலம். விருந்தினர் முன்னால் மெதுவாகக் கேட்கலாம்: விளக்கு மாற்றியதை நோட்டின் ஓரத்தில் குறித்திருக்கிறேனே, படிக்கவில்லையா, தொகுரா?

நோட்டை எடுத்துப் புரட்டினாள். ஓரத்தில் குறிப்பே இல்லை. அவள் எழுதவேயில்லை. தவறு அவளுடையது. இத்தனை வருடமாகத் தன் கையெழுத்தில் கிடந்தது தன் கண்ணில் படாமல், அவன் பூசிய நிறத்தில் ஒரே பார்வையில் தெரிந்துவிட்டதே. பொறாமை இன்னும் கூடியது.

மதிய உணவு வேளையில் அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அந்தச் சிவப்பு பொய். விளக்கு மாத்தினது. என் தப்பு. அடுத்த வாரம் எடுத்த மூல எண்ண வெச்சு வகுத்தா சரியாயிடும்."

தொகுராவின் கையில் சோற்றுருண்டை அப்படியே நின்றது. "நல்லவேளை. வெள்ளிக்கிழமை என் மானம் போயிருக்கும்."

"போகட்டும்னுதான் இருந்தேன். படத்துல என் பேரு வரணும். முதல்ல."

"வரைஞ்சது நான்தானே?"

"நீதான். அதான் எனக்கு ஆத்திரமே."

அவன் சிரிக்கப் பார்த்தான்; முடியவில்லை. "இனாகாகி சென்செய்தான் முடிவு பண்ணணும்."

"நானே கேக்கறேன்."

பெயர் கேட்கப் போகிறவள் கையில் தன் பிழையையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. கதவைத் தட்டினாள். இனாகாகி நிமிர்ந்தார். குறிப்பில்லாத பக்கத்தை அவர் முன்னால் விரித்து வைத்தாள். பிழையைத்தான் முதலில் சொல்வதாக வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தாள்.

பெயரைத்தான் முதலில் கேட்டாள்.