மின் பாதுகாப்புக் கம்பம்

மரவள்ளி, எங்கள் பேச்சில் குச்சிக்கிழங்கு, விளையும் எங்கள் காட்டின் நடுவே, பூமிக்கடியில், எண்ணெய்க் குழாய் ஒன்று போகிறது. அதைப் பதிக்க வந்தபோது ஊரே எதிர்த்தது. நானும் பக்கத்துக் காட்டுக்காரியும் பிடுங்கிய குச்சிக்கிழங்குச் செடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் முன்வரிசையில் உட்கார்ந்து, தொண்டை கட்டும்வரை கத்தினோம். கடைசியில் குழாய் அவள் வரப்பைத் தொடாமல் வளைந்து எங்கள் காட்டுக்குள் புகுந்தது. அவள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அவள் நீட்டிய தேங்காய்ச் சில்லை நான் வாங்கிக்கொள்ளவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது எங்கள் போர்க்கிணற்று மோட்டாரைப் போடும் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பற்றி.

சேந்தமங்கலத்துக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் பக்கத்தில் மேலாக ஒரு முழம்தான் மண், அதற்குக் கீழே பாறை. கிழங்குக்கு அது போதும், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த்துக்குப் போதாது. மோட்டாருக்கு எர்த் போடக் கம்பியை அடித்தால் பாதியிலேயே டிங்கென்று நின்றுவிடும். உப்பையும் கரியையும் கொட்டிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால் மழை ஈரம் இருக்கும்வரை ஒப்பேற்றலாம். மாசி பிறந்தால் மண் காய்ந்துவிடும். அப்புறம் மோட்டார் ஓடும்போது பெட்டியைத் தொட்டால் கரண்ட் பிடிக்கும்.

அதற்காகவே எங்கள் மோட்டார் ரூமில் ஒரு காய்ந்த கிழங்குக் குச்சி இருந்தது. வீட்டுக்காரரின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, பலகைமேல் ஏறி நின்று, எட்டி நின்றபடி குச்சியால் பொத்தானைக் குத்துவேன். பக்கத்துக் காட்டுக்காரிக்கும் இதே பாறை, இதே குச்சி. புதிதாகப் பார்ப்பவர்கள் நாங்கள் பாம்பு அடிக்கிறோம் என்றுதான் நினைப்பார்கள். ஒரு தடவை எங்கள் சினை மாடு மோட்டார் ரூம் இரும்புக் கதவில் உரசிய இடத்திலேயே விழுந்து செத்தது. அன்றிலிருந்து கதவில் உடம்பு படாமல்தான் உள்ளே நுழைவேன். மாட்டுக்கு அடுத்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டே குச்சியை எடுப்பேன்.

கரண்ட் ஆபீஸுக்குப் போய்ச் சொன்னோம். கம்பத்திலிருந்து ஃப்யூஸ் வரைக்கும்தான் அவர்கள் பொறுப்பாம், ஃப்யூஸுக்கு அந்தப் பக்கம் எங்கள் பொறுப்பாம். அந்தப் பக்கத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். 

குழாய்க் கம்பெனிக்காரர்கள் எங்கள் வரப்போரமாக இடுப்புயரத்துக்கு ஒரு மஞ்சள் கம்பம் நட்டிருந்தார்கள். நட்டபோது விளக்கமும் சொன்னார்கள். இரும்புக் குழாயை மண் அரிக்காமல் இருக்க அதற்கு எப்போதும் கொஞ்சம் மின்சாரம் கொடுக்கிறார்களாம். அது சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று இந்தக் கம்பத்தில் வைத்து அளப்பார்களாம். குழாயிலிருந்து ஒரு வயர் மேலே ஏறி வந்து கம்பத்துக்குள் நிற்கிறது. கம்பத்தில், ‘குழாய் அரிப்புத் தடுப்பு மின் பாதுகாப்பு அளவிடும் இடம்’ என்று எழுதியிருந்தார்கள். எங்கள் ஊர் வெயிலுக்குப் பெயிண்ட் எத்தனை நாள் தாங்கும்? முதலில் குழாய் போனது, அப்புறம் அரிப்பும் தடுப்பும் போயின, அளவிடும் இடமும் உதிர்ந்துவிட்டது. கடைசியில் ‘மின் பாதுகாப்பு’ மட்டும் மிச்சம் நின்றது.

மோட்டாரைப் பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் அதைப் படித்தார்.

“ஏனுங்கக்கா, மின் பாதுகாப்புன்னு எழுதிக் கம்பமே நட்டு வெச்சிருக்கறாங்க. நீங்க என்னமோ உப்பக் கொட்டிக்கிட்டுக் கெடக்கறீங்க?”

“அது நமக்கில்லீங்க தம்பி, கொழாய்க்கு.”

“கொழாய் எம்புட்டு தூரம் மண்ணுக்குள்ளாற கெடக்குது! இதவிட நல்ல எர்த்து இந்த ஜில்லாவுலயே கெடைக்காதுங்க.”

மின் பாதுகாப்பு என்றால் மனிதருக்குத்தான் இருக்கும் என்று நினைப்பது அப்படியொன்றும் பெரிய தப்பில்லையே. எலக்ட்ரீஷியன் ஸ்டார்ட்டரிலிருந்து ஒரு வயரை இழுத்து, மாடு கன்று தடுக்கி விழாமல் இருக்க மண்ணுக்கடியிலேயே கொண்டுபோய், கம்பத்தின் காலடியில் குழாய் வயரோடு சேர்த்து முறுக்கி மூடிவிட்டார். மோட்டாரை ஓட விட்டோம். பயந்து பயந்து விரல் நுனியால் பெட்டியைத் தொட்டேன். ஒன்றும் இல்லை. உள்ளங்கையை அப்படியே வைத்தேன். அப்போதும் ஒன்றும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்துக் காட்டுக்காரியும் வந்து தொட்டுப் பார்த்தாள். அங்கிருந்து தன் காட்டுக்கு வயர் இழுக்கலாமா என்று அவளுக்கு ஆசைதான். ‘குழாய் மட்டும் வேண்டாம், கம்பம் மட்டும் வேணுமா?’ என்று ஊரார் கேட்பார்களே என்று அவள் வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அவள் திரும்பப் போய்த் தன் குச்சியை எடுத்துக்கொண்டாள்.

நான் தேறினேன், குழாய்க்கு நோய் வந்துவிட்டது. மற்ற கம்பங்களில் எல்லாம் அளவு சரியாக இருக்க, எங்கள் கம்பத்தில் மட்டும் குறைந்தது. கம்பெனி இன்ஜினியர் வந்தார். மீட்டரை மாற்றினார், வேறு ஆளைக் கூட்டி வந்தார், குழாய்க்குக் கொடுக்கும் மின்சாரத்தைக் கூட்டிப் பார்த்தார். எதுவும் நடக்கவில்லை. இதற்கிடையில் குழாய்ச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரி சென்னையிலிருந்து ஆய்வுக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. உடனே கம்பெனி அவசர நடவடிக்கை எடுத்தது. கம்பத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். சுற்றியிருந்த புல்லையும் செதுக்கினார்கள். குழாய் மட்டும் இந்த மரியாதையைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், ஷூவில் சேறு படுவதைப் பற்றிக்கூட அவர் கவலைப்படவில்லை. நானும் வீட்டுக்காரரும் போய்ப் பக்கத்தில் நின்றோம். அளக்க வசதியாகக் கம்பத்தடி மண்ணில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அளந்தார். உதட்டைப் பிதுக்கினார். காலடியில் தோண்டச் சொன்னார். எங்கள் வயர் வெளியே வந்தது.

“என்னம்மா இது?”

“எர்த்துங்க சார். எங்க மோட்டாரோடதுங்க.”

அவர் பொறுமையாக விளக்கினார். குழாய்க்குக் கொடுக்கும் மின்சாரத்தை இந்த வயர் வழியாக எங்கள் போர் பைப்பும் சேர்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கிறதாம். அதனால் குழாய்க்குப் பாதுகாப்புக் குறைந்து, எங்கள் போருக்குப் பாதுகாப்பு ஏறிவிட்டதாம். என் வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“அதானுங்க சார், போன தடவ பைப்பு கழட்டறப்ப துளிகூடத் துருவே இல்லீங்க! கம்பெனிக்காரங்க நல்லா இருக்கோணும்!”

கம்பெனி இன்ஜினியர் வானத்தைப் பார்த்தார். சட்டப்படி எங்கள் போர் ஓர் ‘அந்நிய அமைப்பு’ என்று அதிகாரி அறிவித்தார். என் மாமனார் காலத்தில் போட்ட போர் அந்நியம், நேற்று வந்த குழாய் சொந்தம். அவர் குனிந்து வயரைப் பிடித்தார்.

“இருங்க சார், மோட்டார் ஓடுது. நிறுத்திப்போட்டு வாரேன். இப்ப எடுத்தீங்கன்னா புடிக்கும்ங்க.”

“அம்மா, குழாயில இருக்கறது ஒரு வோல்ட்டுதான். ஒண்ணும் பண்ணாது.”

குழாயில் இருப்பது ஒரு வோல்ட்தான், அவர் சொன்னது சரி. ஆனால் வயரின் மறுமுனையில் இருப்பது கரண்ட் கசியும் எங்கள் ஸ்டார்ட்டர். ஈர மண்ணில் நின்றுகொண்டு முறுக்கைப் பிரித்து வயரை உருவினார். அடுத்த நொடி அவர் போட்ட சத்தத்தில் பனைமரத்துக் காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. நல்லவேளையாக வயர் கையை விட்டுப் போனது, மனிதர் மல்லாந்து கிழங்குச் செடிகளுக்குள் விழுந்தார். நான் மோட்டார் ரூமுக்கு ஓடிப் பழைய குச்சியை எடுத்துப் பொத்தானைக் குத்தினேன்.

திரும்பி வந்து மோர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, மனசுக்குள் ஒரு மூலையில் குளிர்ச்சியாகவும் இருந்தது. இதுவரை கரண்ட் பிடித்த அதிகாரி ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

“எனக்குத் தெனமும் இப்பிடித்தானுங்க சார் இருந்துச்சு,” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. ஏதோ ஆறுதலாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இன்ஜினியர் பக்கம் திரும்பினார்.

“இவ்வளவு கரண்ட் பைப்புல இறங்கியிருக்கு! பைப்பு என்னத்துக்கு ஆகும்?”

இருந்தாலும் அவர் கெட்டிக்காரர். வயரை மட்டும் எடுத்துவிட்டுப் போனால் இந்த அம்மா நாளைக்கே திரும்பக் கட்டிவிடுவார் என்று இன்ஜினியரிடம் சொன்னார். நான் மறுக்கவில்லை. ஆகவே மூல காரணத்தையே ஒழிக்க வேண்டும், இந்த மோட்டாருக்குத் தனி எர்த் போட்டுக் கொடுக்காவிட்டால் குழாயை ஓட்டக் கூடாது என்று கம்பெனிக்கு உத்தரவு போட்டார். கரண்ட் ஆபீஸ் கண்டுகொள்ளாத, மாட்டின் சாவு அசைக்காத காரியம் அந்த வாரமே நடந்தது. திருச்செங்கோட்டிலிருந்து போர் போடும் ரிக் வண்டி வந்து எர்த்துக்காகவே பாறையைத் துளைத்து இறங்கியது. செம்புக் கம்பி போட்டார்கள், ஏதோ சாம்பல் நிறப் பொடி கரைத்து ஊற்றினார்கள், புது ஸ்டார்ட்டரும் மாட்டினார்கள். மேலே ஒரு மூடி போட்டு, அதில் ‘குழாய்ப் பாதுகாப்புக்காக’ என்று எழுதினார்கள். இந்தத் தடவை வெயிலுக்குத் தாங்கும் பெயிண்ட்.

இப்போது நான் வெறுங்காலோடு நின்று வெறும் விரலால் மோட்டார் போடுகிறேன். இன்ஜினியர் தவறாமல் வந்து மூடியைத் திறந்து பார்க்கிறார். போன தடவை வந்தபோது வரப்பிலிருந்தே கேட்டார்.

“எப்படிம்மா இருக்கு?”

“இருக்கறேனுங்க சார். முட்டிதான் கொஞ்சம் வலிக்குதுங்க.”

“உங்களை இல்லம்மா, எர்த்தைக் கேட்டேன்.”

நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். பக்கத்துக் காட்டுக்காரி அப்போது தன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். புற்றில் பாம்பைத் தேடுகிறவள்போலக் கையில் குச்சி. காலில் அவள் வீட்டுக்காரரின் ரப்பர் செருப்பு. முந்தின நாள்தான் அவளைப் பெட்டி தூக்கி எறிந்திருந்தது, முழங்கை வீங்கிப் போயிருந்தது. அவளும் கரண்ட் ஆபீஸுக்குப் போய் அதே பதிலை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். இன்ஜினியரைக் கூப்பிட்டு அந்த முழங்கையைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார், அவள் காட்டையும் பார்த்தார். அங்கே கம்பெனியுடையது ஒன்றும் இல்லையே என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

வண்டி போனதும் அவள் வரப்பைத் தாண்டி என் பக்கம் வந்தாள். தாலுகா ஆபீஸ் வாசலில் என்னைவிட உரக்கக் கத்தியவள் அவள்தான். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

“ஏனுங்கக்கா, எங்க காட்டுலயும் ஒரு கொழாய் பதிக்கச் சொல்லி மனு குடுத்தா, எடுத்துக்குவாங்களா?”