கோபத்தோடு கறந்த பால்

எங்கள் மீனாட்சிபுரம் பக்கத்தில், கறக்கப் போகிறவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போகக் கூடாது. போனால் மாடு பாலை அடக்கிக்கொள்ளுமாம். அதனால் வீட்டில் என்ன நடந்தாலும் விழுங்கிவிட்டு, சிரித்த முகமாக, மாடு கட்டியிருக்கும் கட்டுத்தரைக்குப் போக வேண்டும். ஆண்கள் தாராளமாகக் கத்தலாம். எங்கள் வீட்டில் அவர்கள் யாரும் கறப்பதில்லை.

போன வருடம், காந்தலூரில் இருக்கும் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று பார்த்துவிட்டு வந்தேன். வந்தால் கிடாரிக் கன்றைக் காணோம். பிறந்தபோது மூச்சு முட்டிக் கிடந்த கன்று. வாய்க்குள் விரலை விட்டுச் சளியை வழித்து நான் பிழைக்க வைத்தது. என் வீட்டுக்காரர் விற்றுவிட்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் வந்து, "அம்மிணி, கறக்கற நேரத்துல ஆரம்பிக்காத. கறந்துட்டு வந்து பேசு" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். சிரிப்பையும் ஒட்டவைத்துக்கொண்டேன். கன்றின் தாய் காம்பைத் தொட்டதுமே உதைத்தது. மடி கல்லாக இருக்கிறது, ஒரு சொட்டு இறங்கவில்லை. இப்படியே விட்டால் மடிநோய் வந்துவிடும். மாமியாரோ, என் கோபம்தான் காரணம் என்று வெளியே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். கன்றைப் பிரித்தவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கோபப்படாமல் இருக்கத்தானே இவ்வளவு பாடு! கைகளைப் பார்த்தேன். விறைத்துப்போயிருந்தன. தாடை வலித்தது. மாட்டுக்கு என் சிரிப்பா தெரியும், கைதானே தெரியும்.

பால் போசியைத் தள்ளி வைத்துவிட்டு வைக்கோல் மேல் உட்கார்ந்தேன். கோபமாக இருக்கிறது, ரொம்பக் கோபமாக இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னேன். அதை விரட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. நெஞ்சிலிருந்து கழுத்து வரை சூடு ஏறியது. பிறகு அழுகை வந்தது. ஏங்கி ஏங்கி அழுதேன். மாமியார் வீட்டுக்குள் போய்விட்டார். அழுது முடித்தபோது மூச்சு நீளமாக வந்தது. தோள் இறங்கியிருந்தது. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

மாட்டின் முதுகைத் தடவி, வெந்நீரில் மடியைக் கழுவி, மறுபடி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் காலை மாற்றி மாற்றி வைத்தது. அப்புறம் பால் இறங்கியது.

நுரை தளும்பும் போசியோடு நான் வருவதைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்கு முகம் தெளிந்தது. கோபமெல்லாம் தணிந்துவிட்டது போல என்று சிரித்தார்.

"தணியலீங்க. அப்படியேதான் இருக்குது. கன்னு யாரு ஊட்டுல நிக்குது?"

விற்றது விற்றதுதானே, இனி என்ன என்று முனகினார்.

"வித்தது நீங்க. பொழைக்க வெச்சது நானு. வண்டிய எடுங்க, போய்க் கேட்டு ஓட்டிட்டு வரலாம்."

நான் குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால், மாட்டுக்கு ஆகாது என்று அடக்கியிருப்பார். இப்போது வண்டிச் சாவியைத் தேடப் போனார்.