சிவப்புத் தெரியாத பாத்திக்காரர்

எங்கள் மருந்துத் தொழிற்சாலையின் பின்பக்கத்தில் கீழாநெல்லி வளர்த்தவரை எல்லோரும் பாத்திக்காரர் என்றே கூப்பிட்டோம். கீழாநெல்லி சீராட்ட வேண்டிய செடி அல்ல. சுவர் விரிசலில்கூட முளைக்கும். தூசி மாதிரியான விதையை ஈரமண்ணில் தூவிவிட்டு, மேலே மண் போடாமல் சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதுதான் பலருக்குக் கைவராது. அவருக்கு வந்தது.

தொல்லை வேறு. அதே சாயலில் இன்னொரு செடியும் பாத்தியில் கலந்து முளைக்கும். தண்டு சிவப்பாக இருந்தால் அது மருந்துக்கு ஆகாது, பிடுங்கி எறி என்பது தொழிற்சாலைச் சட்டம். பாத்திக்காரருக்கோ பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் ஒன்று. சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து இருபத்திரண்டு வருடம் மறைத்தார். கூட்டுக் களவாணி, அங்கேயே கூலிவேலை பார்த்த அவர் மனைவி. களை எடுக்கிற சாக்கில் எதிரே குந்திக்கொண்டு, "இது செகப்பு, இது பச்சை" என்று முணுமுணுப்பார். புருஷன் பெண்டாட்டிக்குள் அப்படி என்ன ஓயாத பேச்சு என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம்.

மகள் பிரசவத்துக்கு அந்த அம்மா போயிருந்த வாரம், புதிதாக வந்த பெண் மேலாளர் பாத்தியோரம் வந்து நின்றார். பாத்திக்காரர் சுவர் நிழலில் இருந்த செடிகளை வரிசையாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"பச்சைத் தண்டா இருக்கே, ஏன் பிடுங்குறீங்க?"

வேலை போனது என்றே நினைத்தார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"எனக்கு நிறம் தெரியாதுங்க மேடம். காயைத் தடவிப் பாப்பேன். நல்ல செடியில காய் வழவழன்னு சின்னக் காம்புல தொங்கும். இது சொரசொரன்னு குச்சியோட ஒட்டிக்கிட்டு இருக்கு."

மேலாளர் லென்ஸ் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். நிழலில் வளர்ந்ததால் சிவப்பு ஏறாத வேண்டாத செடிதான், அத்தனையும். மறுநாளிலிருந்து நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக் காய் தடவிப் பழக வேண்டியதாயிற்று. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மனைவி திரும்பி வந்து விஷயம் கேள்விப்பட்டதும் அவரைப் பாத்தியிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, அப்போ நிழல்ல இருந்ததை எல்லாம் நான் தப்பாவா சொன்னேன்?"

"சில சமயம்."

"அதெல்லாம் மருந்துல சேர்ந்துடுச்சா?"

"இல்ல. நீ அந்தப் பக்கம் திரும்பினதும் எடுத்துப் போட்டுடுவேன்."

அந்த அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "விரலுக்கே தெரியும்னா, இத்தனை வருஷம் என்னை எதுக்கு வெயில்ல உக்கார வச்சீங்க?"

பாத்திக்காரர் தலை நிமிரவில்லை.

"தெரியும்னு சொல்லியிருந்தா, நீ வேற பாத்திக்குப் போயிருப்பியே."