சாமிக்குப் பின்னால் இருந்த காகிதம்

கைநாட்டு வாங்கியதும் கோசலா காகிதத்தைப் பார்க்க மாட்டாள், விரலைத்தான் பார்ப்பாள். மேசைக்கு அடியில் ஒரு மருந்துப் போத்தலில் தேங்காய் எண்ணெய் வைத்திருப்பாள். அன்றைக்கும் மீனம்மாவின் கட்டைவிரலைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நகக்கண்ணில் இருந்த நீல மைகூடப் போகும்வரை துடைத்தாள். "மை பட்டா சேல பாழாப் போயிருங்க" என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் யாரும் அந்த விரலைப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். அதை அவள் சொல்லவில்லை, மீனம்மாவும் கேட்கவில்லை.

மீனம்மா கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். மகள் நிலக்ஷியின் உதவித்தொகை விண்ணப்பத்துக்காக வந்திருந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, இரட்டைப் பின்னலும் வெள்ளைச் சீருடையுமாக நீலத் துணிக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தது. "கொஞ்சம் சிரிடா தங்கம்." பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டது. "சிரிச்சா என்னா, பல்லு கொட்டிருமா?" என்றாள் கோசலா. அப்படியும் சிரிக்கவில்லை. அந்தப் படம் கோசலாவின் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. கம்ப்யூட்டர் அதைத் தரமாட்டேன் என்கிறது. பிள்ளை இப்போது இல்லை.

கோசலாவுக்கு முப்பத்து நான்கு வயது. கொட்டகலைக் கடைவீதியில் அவள் கடையும் என் பூக்கடையும் ஒரே கூரைக்குக் கீழே, நடுவில் பலகைத் தட்டிதான். போட்டோ கொப்பி, விண்ணப்பம் அடித்துக் கொடுப்பது, சின்னப் படம் எடுப்பது எல்லாம் செய்வாள். மாதம் எதுவானாலும் கம்பளிச் சட்டையும் குல்லாவும் போட்டிருப்பாள். பால் விடாத பிளேன்டீயில் சீனி போட மாட்டாள். சீனியை உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டே குடிப்பாள்.

கம்ப்யூட்டர் பாகம் பாகமாக வாங்கி அவளே பொருத்தியது. பெட்டி ஹட்டனில் வாங்கினாள், உள்ளே இருக்கும் பலகை கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது, விசிறி இன்னொரு கடையில் கழற்றிப் போட்டது. பனி இறங்கினால் அதற்கு ஈரம் பிடிக்கும் என்று, கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் தடித்த படங்குத் துணியை எடுத்து மூடிவைப்பாள். காலையில் விரலால் ஒரு தட்டுத் தட்டி, "எந்திரி ராசா, ஆளுங்க வந்துட்டாங்க" என்பாள்.

படங்களுக்கு அவள் நம்பர் போடுவதில்லை, பெயர் வைப்பாள். 'முத்துலிங்கம் மாமா, காதுல மூக்குத்தி.' 'பிரியந்தி, அழுதுட்டு வந்தது.' பதினோரு வருடமாக இப்படி வைத்த பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அந்தப் படங்களும், தோட்டத்துச் சனங்களின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டைக் கொப்பிகளும் உள்ளே இருந்ததால் கம்ப்யூட்டருக்கு ஒரு பூட்டுப் போட்டிருந்தாள். "பொம்பளப் புள்ளைங்க படம் இருக்குதுக்கா. எவனாச்சும் பெட்டியத் தூக்கிட்டுப் போனாலும் தொறக்கக் கூடாது." பூட்டுக்கு மாற்றுச் சாவி நாற்பத்தெட்டு எண்கள். அதைக் காகிதத்தில் எழுதி, சரஸ்வதி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள். கைத்தொலைபேசியில் வைக்கவில்லை. போன் தொலையும், திருட்டுப் போகும். "சாமிகிட்ட இருக்கறத யாரு எடுக்கப் போறா?"

நான்தான் எடுத்தேன்.

சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் இரண்டு கடையின் சாமித் தட்டையும் நான் துடைப்பது வழக்கம். படத்துக்குப் பின்னால் சந்தனம் ஊறிப்போன ஒரு காகிதம் இருந்தது. கட்டம் கட்டமாக எண்கள். கோயிலில் எழுதிக் கொடுத்த யந்திரம் என்று நினைத்தேன். சாமியிடம் இருந்த பொருளைக் குப்பையில் போட்டால் யார் காலிலாவது மிதிபடும். காய்ந்த பூவோடு சேர்த்துப் பாலத்தடியில் ஆற்றில் விட்டேன். விட்டபிறகு கும்பிட்டும் வந்தேன்.

பூசை முடிந்து இரண்டு வாரத்தில் கோசலா பழைய விண்டோஸை மாற்ற உட்கார்ந்தாள். பழையதற்கு இனிப் பாதுகாப்பு வராது என்று அறிவித்திருந்தார்கள். சனங்களின் பத்திரங்களை நினைத்துத்தான் அவளுக்குப் பயம். புதிய விண்டோஸோ அந்தக் கம்ப்யூட்டரின் மூளை பழசு, ஏற முடியாது என்றது. கொழும்பிலிருந்து கொஞ்சம் புதிய மூளை ஒன்றை, யாரோ பாவித்துக் கழித்ததை, வரவழைத்து மாற்றினாள். கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வந்தது. எனக்கு வாசித்துச் சொன்னாள்: "பூட்டோட சாவி பழைய மூளைக்குள்ள இருக்காம். அத மறந்துரவா, வேணாமான்னு கேக்குது. மாத்துச் சாவி கையில இருந்தா மட்டும் 'ஆமா' சொல்லணுமாம்." தலையைத் தூக்கிச் சரஸ்வதியை ஒரு தரம் பார்த்தாள். ஆமா என்று அமுக்கினாள்.

திரை நீலமாகி எண்களைக் கேட்டது. முக்காலியில் ஏறிப் படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். தடவினாள். படத்தையே கழற்றினாள்.

"அக்கா, இங்கன ஒரு காகிதம் இருந்துச்சே?"

சொன்னேன். அவள் முக்காலியில் நின்றபடியே படத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டாள். பிறகு இறங்கி, "சரிக்கா, டீ குடிப்போம்" என்றாள். அன்றைக்குச் சீனி எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். பழைய மூளையைத் திரும்பப் பொருத்தினாள். அது மறந்துவிட்டிருந்தது. வேறு டிஸ்க் வாங்கி அதில் புதிய விண்டோஸைப் போட்டாள். அது முதல் தரத்திலேயே ஏறிவிட்டது, அழகாக வேலையும் செய்தது. பழைய டிஸ்க்கின் மேல் மட்டும் ஒரு சின்ன மஞ்சள் பூட்டுப் படம். கொழும்பில் சாமான் கொடுத்த சுதாகரன் போனில், "அத அழிச்சிட்டு வேலையப் பாருங்க மிஸ், அந்தப் பூட்ட ஒடைக்க ஒருத்தனாலயும் ஏலாது" என்றான். "உங்க வீட்டு ஆல்பத்த அழிங்க மொதல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஞாபகத்தில் வந்த எண்களைச் சீட்டுச் சீட்டாக எழுதிப் போட்டுப் பார்த்தாள். என்னையும் கேட்டாள். முதல் கட்டம் நாலில் தொடங்கியது என்று எனக்கு ஒரு நினைப்பு. அதுவும் நிச்சயமில்லை.

கார்த்திகையில் மழை நாலு நாள் விடாமல் பெய்தது. மீனம்மா இருந்த லயத்து வரிசை வீடுகளின் மேல் மலை சரிந்து இறங்கியது. ஏழு பேர் போனார்கள். மீனம்மா கூட்டாளி ஒருத்தியைப் பார்க்க அடுத்த லயத்துக்குப் போயிருந்ததால் தப்பினாள். நிலக்ஷி வீட்டில் இருந்தாள். பெட்டி, போன், படம் எல்லாம் மண்ணுக்குள். பள்ளிக்கூடத்தில் எடுத்த கூட்டுப் படத்தில் முன்னால் நின்ற பிள்ளையின் ரிப்பன் அவள் முகத்தை மறைத்திருந்தது. விண்ணப்பத்தில் ஒட்டிப் போனது எந்தக் கோப்பில் கிடக்கிறதோ, கோசலா மூன்று அரசாங்கக் கந்தோர் ஏறியும் கிடைக்கவில்லை.

அதற்கடுத்து வந்த செவ்வாய்க்கிழமை மீனம்மா கடையில் வந்து நின்றாள்.

"தங்கச்சி, அன்னைக்கு எடுத்தீங்களே, அந்தப் படம் ஒண்ணு. கருமாதிக்கு வைக்கணும்."

"இருக்குதுங்க மீனம்மாக்கா. 'நிலக்ஷி, சிரிக்கச் சொன்னேன் சிரிக்கல', அதுதான் அதோட பேரு. உள்ளதான் இருக்கு. சாவிதான் தொலஞ்சு போச்சு."

"எப்புடிங்க தொலஞ்சுச்சு?"

தட்டிக்கு இந்தப் பக்கம் நான் நாரும் கையுமாக எழுந்தேன். கோசலா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நாந்தாங்க, எங்கயோ வச்சுப்புட்டேன். என் புத்தி."

அதன்பின் நான் எப்போது வாயைத் திறந்தாலும், "சும்மா இருங்கக்கா. மீனம்மாக்கா ஒருத்தரத்தான் ஏசணும்னா என்னயவே ஏசட்டும்" என்பாள். மீனம்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் எங்கள் இருவருக்கும் நன்றாக இருந்திருக்கும். பாலத்தடிக்கு நானும் போய்ப் பார்த்தேன். மழைக்குப் பிறகு அந்த ஆற்றில் பழைய கல்கூட ஒன்றும் இருந்த இடத்தில் இல்லை.

கருமாதிக்கு முன்னால் மீனம்மாவின் அண்ணன் மகன் கஜேந்திரன், பிள்ளையின் அடையாளத்தை மீனம்மாவிடம் கேட்டு, போனில் ஏ.ஐ. என்று ஏதோ ஒன்றிடம் சொல்லி ஒரு முகத்தைச் செய்து கொண்டுவந்தான். அச்செடுத்துத் தரச் சொன்னான். கோசலாவுக்கு மனமில்லை, ஆனாலும் தாய் பார்க்கட்டும் என்று எடுத்துக் கொடுத்தாள். மீனம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"லெச்சணமா இருக்கு" என்றாள். "யாரு புள்ளைங்க இது?"

கோயில் மண்டபத்தில் ஏழு நாற்காலி போட்டார்கள். ஆறில் படம். மாலை ஏழும் நான்தான் கட்டினேன். ஏழாவதை மீனம்மா மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். எங்கே போடுவது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

பிறகும் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்தாள். ஒன்றும் கேட்பதில்லை. முக்காலியில் உட்கார்ந்து, அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போவாள். கோசலா அந்த நாளில் காலையிலிருந்தே சாப்பிட மாட்டாள். தைப்பொங்கல் கழிந்து கடையை மூடினாள். கொழும்பில் கம்ப்யூட்டர் திருத்தும் கடை ஒன்றில் வேலை என்றாள். டிஸ்க்கை இரண்டு துணியில் சுற்றிச் சோற்றுப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். அங்கே யாராவது திறப்பார்களா என்று ஸ்டேசனில் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். அப்படியும் நான் விடவில்லை. முருகன் கைவிட மாட்டான் என்றேன். அவள் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள்.

ரயில் வந்துவிட்டது. மீனம்மா வந்தால் நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். காகிதத்தை ஆற்றில் விட்டது நான், பூட்டு இனித் திறக்காது என்று இந்தத் தரம் உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன் என்றும் சொன்னேன். ஏறியவள், சோற்றுப் பெட்டியை இருக்கையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு யன்னலால் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள்.

"டிஸ்க்கக் கொழும்புல காட்டிக்கிட்டு இருக்கேன்னு மட்டும் சொல்லுங்கக்கா. முடியாதுங்கறத நானே ஒரு நாளைக்கு வந்து சொல்றேன். அது உங்க வாயால வேணாம்."