கண்ணாடிக் கூட்டில் மாத்திரை அட்டை

நோயாளிக்குப் பாதுகாப்பாக மருந்து கொடுக்க ஐந்து படிகள் உண்டு என்று இருபத்திரண்டு வருடம் நர்ஸிங் மாணவிகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். கேட்டு அறிவது, பிரச்சினை என்னவென்று கண்டுகொள்வது, திட்டமிடுவது, கொடுப்பது, கொடுத்த பிறகு என்ன ஆயிற்று என்று பார்ப்பது. பிள்ளைகளுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். நோட்டில் கட்டம் போட்டு, போன வருடத்து அக்காவின் நோட்டைப் பார்த்து அப்படியே எழுதுவார்கள். குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த கிழவருக்குத் தாய்ப்பால் கொடுக்கும் முறையைப் பரிந்துரைத்தவள்கூட உண்டு. அதற்கும் கீழே சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டவள் நானேதான். படித்துப் பார்த்தா போட்டேன்?

வீட்டில் மட்டும் நான் வேறு ஆள் என்று எனக்கு ஒரு நினைப்பு. என் கணவர் கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பாறசாலை சுற்றுவட்டாரத்தில் அவர் ஏறாத போஸ்ட் கிடையாது. அவருக்குப் பிரஷர் வந்ததும் வீட்டை வார்டாக மாற்றிவிட்டேன். காலை எட்டு மணிக்கு மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டி, விழுங்கும்வரை எதிரில் நிற்பேன். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்த நாளும் உண்டு. பக்கத்து வீடுகளில் மாத்திரை டப்பாவுக்குள் எறும்பு குடியிருக்கும். அதைப் பார்த்து எனக்கு வந்த இளக்காரத்துக்கு அளவே இல்லை.

"நாலு படி ஏறினா ஒரே சீணமாக்கும். காலு ரெண்டும் ஐஸு மாதிரி தணுத்துக் கெடக்கு" என்று ஒரு நாள் களைத்துப்போய் உட்கார்ந்தார். நான் பிரஷர் மிஷினை எடுத்து வந்து பார்த்தேன். நூற்று இருபத்தாறு, எண்பது. "பிரஷர் நல்லா இருக்கு. வயசு அறுபத்தாறாச்சு, சீணம் வராம பின்ன?" என்று சொல்லி மிஷினை மடக்கி வைத்தேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை அம்பூரியில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகத் தொடங்கினார். அவளுடைய ரப்பர் தோட்டத்தில் காற்று நன்றாக இருக்கிறது என்றார். நானும் நம்பினேன். அண்ணன் தங்கை பாசத்தைச் சந்தேகப்பட எனக்கு என்ன வந்தது?

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து வாழைக்குலை வெட்டப் போனவர் வாழை மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்துக் கிடந்தது. நாடி பிடித்தால் நிமிடத்துக்கு முப்பத்தாறுதான். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்த இளம் டாக்டர் காகிதத்தைப் பார்த்தாரே தவிர மனிதரைப் பார்க்கவில்லை. என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று என்னிடம் கேட்டார். பெயர், அளவு, வேளை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். "இதுவும் துடிப்பைக் குறைக்கும் மருந்துதான், ஆனா இந்தச் சின்ன டோஸுக்கு இவ்வளவு குறையாது. நிறுத்திப் பார்ப்போம். ஏறலேன்னா பேஸ்மேக்கர் வைக்கணும்" என்றார். இரண்டு நாள் கழித்தும் ஏறவில்லை. வியாழக்கிழமை நெஞ்சைக் கீறுவது என்று முடிவாயிற்று.

ஒன்றுமில்லாத சீணம் என்று நான் தள்ளிவிட்ட மனிதர் கட்டிலில் கிடந்தார். வந்து பார்த்த சொந்தக்காரர்களோ ஆளுக்கொரு ஆஸ்பத்திரிப் பெயரைச் சொல்லி, ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள்.

புதன்கிழமை காலை வார்டு நர்ஸ் வந்தாள். திருப்புறத்துக்காரி, இருபத்தைந்து வயது இருக்கும். கையில் நாடிக் கணக்கு எழுதிய தாள்.

"டீச்சர், விடியக்காலத்துல மாமாவுக்கு நாப்பத்தெட்டு உண்டு. காலச் சாப்பாடு கழிஞ்சதும் முப்பத்தெட்டாவுது. ரெண்டு நாளும் அப்படித்தான். வேற ஏதாவது மருந்து எடுக்காரா?"

"இல்ல."

"நாட்டு மருந்து?"

"இல்லண்ணு சொன்னேம்லா. நானும் நர்ஸாக்கும்" என்றேன். குரலில் இருபத்திரண்டு வருடத்து மிடுக்கையும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை. என் கணவரைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். "டீச்சர், கேன்டீன்ல இருந்து கொஞ்சம் சுடுதண்ணி வாங்கிட்டு வாறீங்களா?" என்றாள்.

மேசைமேல் பிளாஸ்க் நிறையச் சுடுதண்ணீர் இருந்தது. மாடிப்படியில் பாதி இறங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. நோயாளி மனம் திறக்கத் தடையாக இருக்கும் உறவினரை நாகரிகமாக வெளியே அனுப்பு என்று வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்ததுண்டு. அந்த உறவினர் யாரோ படிக்காத மாமியாராக இருப்பாள் என்றுதான் அன்று நினைத்திருந்தேன்.

திரும்பி வந்தபோது கட்டிலில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு திறந்து கிடந்தது. பக்கத்தில் இரண்டாக மடித்த மாத்திரை அட்டை. பெரிய எழுத்தில் நான் கேட்டறியாத கம்பெனிப் பெயர், அதற்குக் கீழே பொடி எழுத்தில் நான் தினமும் எட்டு மணிக்குக் கொடுத்த அதே மருந்து, இரண்டு மடங்கு அளவில்.

அம்பூரிக்கு அவர் போகவே இல்லை. எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டி எங்கேயோ ஒரு கிளினிக்குக்குப் போய், பிரஷர் உண்டு என்று மட்டும் சொல்லி மருந்து வாங்கியிருக்கிறார். எங்கள் ஆட்களின் வழக்கம் இது. கேரளத்தில் ஒரு டாக்டர், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர். ஒருவரிடம் மற்றவரைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். விருந்துக்குப் போன இடத்தில் அடுத்த வீட்டுக் குழம்பைப் பற்றிப் பேசுவது போன்ற மரியாதைக் குறைவு அது. இந்த மடத்தனத்தை வகுப்பில் நான் நடித்தே காட்டியிருக்கிறேன். பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். இடையில் நிறுத்தக் கூடாது என்று அந்த டாக்டர் சொன்னாராம். அதனால் வார்டிலும் இட்லி தின்றதும் ஒன்றை எடுத்துப் போட்டிருக்கிறார்.

அதையும் நிறுத்தினார்கள். சாயங்காலம் நாற்பத்தாறு, மறுநாள் ஐம்பத்தெட்டு, வெள்ளிக்கிழமை அறுபத்திநாலு. நெஞ்சைக் கீறவில்லை. இளம் டாக்டர் தானே கண்டுபிடித்தவர் மாதிரி தாளில் ஏதோ எழுதிவிட்டுப் போனார். அவரை இளக்காரமாகப் பார்க்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆற மாட்டாமல் கேட்டேன். "அந்தக் கிளினிக் டாக்டர் வேற மருந்து உண்டாண்ணு கேக்கலியா?"

"கேட்டாரு. ஒண்ணும் இல்லண்ணு சொன்னேன்."

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"பெஞ்சாதி நர்ஸு, அவ தாற மருந்து கேக்கலண்ணு வெளிய சொல்ல முடியுமா? ஒனக்குக் கொறச்சலு இல்லியா?"

அதற்கும் நான் விடவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். அஞ்சாறு வாட்டி சொன்னேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. "நான் சொல்லத் தொடங்குனதும் நீ மிஷின எடுத்துட்டு வந்து கைய நீட்டுங்கண்ணு சொல்லுவ. நானும் நீட்டிட்டுச் சும்மா இருந்துருவேன்."